ஆவடியில் ஒரு கத்தரிப்பூ நிறத் தட்டு

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பனிப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த சுண்டுவிரல் அளவுக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மேடம் இது, பாலா?"

பால் இல்லை, ஒரு நோயைக் கண்டுபிடிக்கிற மருந்து என்றேன். என்ன நோய் என்றார். மெலியோய்டோசிஸ் என்றேன். அப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டதே இல்லையே என்று சந்தேகமாகப் பார்த்தார். அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற குடும்பம் சத்தமில்லாமல் பக்கத்து வரிசைக்கு மாறிக்கொண்டது. காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்ததால் அவரும் அதற்குமேல் ஆராயவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் கிருமியியல் ஆய்வாளர். நோயாளியின் சளியிலும் இரத்தத்திலும் ஒளிந்திருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன் பெயரை வைத்தியருக்குச் சொல்வது என் வேலை. பெயர் தெரிந்தால்தான் சரியான மருந்து. மெலியோய்டோசிஸ் கிருமி ஈர மண்ணில் வாழ்வது. மழைக்காலத்தில் சேற்றில் நிற்பவரின் கால் வெடிப்பு வழியாக ஏறிவிடும். சர்க்கரை நோய் இருப்பவரென்றால் அதற்குக் கொண்டாட்டம். நுரையீரலில் குடியேறிக் காசநோய் மாதிரியே வேஷம் போடும். வழக்கமான மருந்துகளுக்கு அசையாது. கண்டுபிடிக்காமல் விட்டால் ஆளை முடித்துவிடும்.

எங்கள் ஊரிலும் அது இல்லை என்றுதான் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். தேடத் தொடங்கியதும் அகப்பட்டது. இதை நான் ஒரு கருத்தரங்கில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தலைமை வைத்தியராக இருக்கும் ஜெபராஜ் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். "எங்க பக்கம் அது கிடையாது மேடம். வேணும்னா ஒரு வாரம் வந்து தேடிட்டு, இல்லேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். வந்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றிவர ஆஸ்பத்திரி அனுப்பியது ஓர் ஆட்டோ. ஓட்டுநர் பாஸ்கர், பட்டாபிராம்காரர். நான் இரண்டு வார்த்தை பேசியதுமே கண்ணாடியில் பார்த்து, "இன்னா யக்கா, சிலோனா?" என்றார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு வழி முழுக்க எனக்குப் பதிலாக அவரே கதைத்துக்கொண்டு வந்தார். போரூர் தாண்டும்வரை எங்கள் ஊர்ப் பேருந்துகளைக் குறை சொன்னதற்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். எங்களூர் பஸ்காரர் ஒலிப்பானை அடித்துவிட்டுத்தான் முந்துவார். இங்கே முந்திவிட்டு அடிக்கிறார்கள்.

டிசம்பர் குளிர் என்று இவர்கள் சொல்வது எங்களுக்கு இதமான காற்று. கிறிஸ்தவ வீடுகளின் வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. இரவு விருந்தினர் விடுதியில் இட்லியும் வடகறியும் கிடைத்தன. வடகறி என்றால் ஏதோ மிச்சம் மீதியைச் சமாளிக்கிற ஏற்பாடு என்று அலட்சியமாகத் தொட்டேன். மூன்றாவது தடவை கேட்டு வாங்கியபோது பரிமாறியவர் சிரித்தார். தேங்காய்ப்பால் சொதி இல்லாமல் சாப்பாடு இறங்காது என்று வீட்டில் பெருமையடிக்கிற நான், அந்த வாரம் முழுக்கச் சொதியை நினைக்கவே இல்லை.

மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போனேன். அதைத் தனி ஆளாக நடத்துபவர் ஸ்டெல்லா. நாற்பது வயதிருக்கும். காட்டுப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். இவ்வளவு சுத்தமான ஆய்வகத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். மேசையில் முகம் பார்க்கலாம். வெள்ளைக் கோட்டில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அவர் ஒரு தட்டைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனதைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"ஸ்டெல்லா, மணக்காதேங்கோ! நான் தேடி வந்த கிருமி மூக்கு வழியாகவும் போகும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. படிக்கிற காலத்திலிருந்தே வாசனை பிடித்துத்தான் கிருமியை அடையாளம் சொல்வதாகவும், இதுவரை ஒன்றும் ஆனதில்லை என்றும் முணுமுணுத்தார். அன்று முழுக்க என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். நானும் சமாதானம் பேசப் போகவில்லை. அந்தக் குணம் எனக்கு வராது.

பிற்பகல் ஜெபராஜ் என்னை வார்டுக்கு அழைத்துப்போனார். மூலைக் கட்டிலில் அந்தோணி படுத்திருந்தார். பட்டாபிராம்காரர். பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்களில் குழாய் பழுதுபார்க்கிற வேலை. வாரக்கணக்கில் காய்ச்சல், இருமல். எக்ஸ்ரேயில் நுரையீரலில் பெரிய நிழல். சளியில் காசநோய்க் கிருமி ஒருமுறைகூடத் தெரியவில்லை. ஆனாலும் படத்தைப் பார்த்துக் காசநோய் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் எலும்பும் தோலுமாகிக்கொண்டே வந்தார்.

பெயரென்ன என்று கேட்டேன். "அந்..." என்று தொடங்கியவரை இருமல் பிடித்துக்கொண்டது. தன் பெயரையே அவரால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. மனைவி லூர்து அவர் முதுகைத் தடவியபடி என்னைப் பார்த்தார்.

"வாய் ஓயாத மனுசன் டாக்டரம்மா. பேசிகினே இருப்பாரு. கொஞ்சம் வாய மூடுய்யான்னு நானே திட்டிக்கீறேன். இப்போ ஊடே கம்முனு கீது. எனக்கு பயமா கீது."

மழைக்காலத்தில் என்ன வேலை செய்தார் என்று கேட்டேன். வீட்டுப் பக்கம் தெருக்குழாய் உடைந்து, இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க நின்று தோண்டினாராம். சர்க்கரை இருக்கிறதா என்றேன். லூர்து தலையசைத்தார். எனக்குக் கை பரபரத்தது. அவருக்கு வந்திருப்பது அதுதான் என்று ஜெபராஜிடம் வார்டு வாசலிலேயே சொன்னேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் பதில் சொன்னார். ஓர் ஊகத்தை நம்பி, ஓடிக்கொண்டிருக்கிற மருந்தை நிறுத்தினால், அது காசநோயாகவே இருந்துவிட்டால் என்ன ஆவது? கிருமியைக் கண்ணில் காட்டுங்கள், அந்த நிமிடமே மாற்றுகிறேன் என்றார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கோபம் வந்தது.

அந்தோணியின் சளியை எடுத்து மூன்று தட்டுகளில் பூசினோம். இரண்டு, எல்லா ஆய்வகங்களிலும் இருக்கிற சாதாரணத் தட்டுகள். மூன்றாவது நான் தூளாகக் கொண்டுவந்து அங்கேயே காய்ச்சி ஊற்றிய ஜெல்லி. நல்ல கத்தரிப்பூ நிறம். வேறு கிருமிகள் தலையெடுக்காதபடி அதில் ஒரு மருந்து கலந்திருக்கும். நம்முடையவர் மட்டும் அதையும் தின்றுவிட்டு வளருவார். ஆனால் மெதுவாக வளருவார். பெரும்பாலான ஆய்வகங்களில் அவர் தப்பித்துவிடுவதே அதனால்தான். பொறுமையில்லாமல் தட்டைத் தூக்கிப்போட்டு விடுவார்கள். வளர்ந்தாலும் காற்றில் வந்த தூசிக் கிருமி என்று கழித்துவிடுவார்கள்.

மறுநாள் தட்டில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை ஊசிமுனை அளவில் புள்ளிகள் வந்தன. அதை வைத்துச் சத்தியம் செய்ய என்னாலும் முடியாது. என் குப்பி மருந்தில் சோதிப்பதற்கும் அது போதாது. அன்று மாலை அந்தோணிக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். லூர்து கட்டில் காலடியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். தட்டுகளைத் திங்கள்வரை வைத்திருக்க வேண்டும் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சரி அக்கா என்றார். செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம்.

சனிக்கிழமை காலை, துணி மாற்றிவர வீட்டுக்குப் போன லூர்துவோடு நானும் பட்டாபிராம் போனேன். அந்தோணி தோண்டிய பள்ளத்தைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் மண்ணும் எடுக்க வேண்டும். பள்ளத்தை இன்னும் யாரும் மூடவில்லை. பக்கத்தில் ஒரு வாத்துக் குடும்பம் குடியேறியிருந்தது. அந்தத் தெரு முழுக்க மின்சாரம் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பாம், ஆவடிப் பக்கமெல்லாம் மதியம்தான் வருமாம். லூர்து எனக்குச் சுடச்சுட மீன் வறுத்துக் கொடுத்து, மிச்சத்தைச் சமைக்க உட்கார்ந்தார். நான் பாஸ்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். இந்த ஊர் மின்சார ரயிலில் ஒருமுறை போகாமல் யாழ்ப்பாணம் திரும்பக்கூடாது என்று ஓர் ஆசை.

வந்த ரயிலில் ஏறினேன். ஜன்னலோர இடம், நல்ல காற்று. என்னைப்போல வசதியாக யாரும் போயிருக்க முடியாது. ஏனென்றால் பெட்டி காலியாக இருந்தது. ரயில் ஆவடிக்குப் போகாமல் ராணுவக் கிடங்குப் பக்கம் திரும்பி, ஓர் இடத்தில் நின்று, அணைந்துவிட்டது. அதற்கப்பால் தண்டவாளமே இல்லை. மேடையில் இரண்டு ராணுவ வீரர்களின் மனைவிமார் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரிந்தது இதுதான்: இந்த அம்மா ஊருக்குப் புதுசு, எதிர்ப்பக்க ரயிலில் ஏறிவிட்டாள், பாவம்.

அப்போதுதான் ஸ்டெல்லா அழைத்தார். குரலில் பழைய கோபம் இல்லை. எனக்கு ஓர் உதவி செய்துவிட்ட சந்தோஷம் இருந்தது.

"அக்கா, உங்க ரெண்டு பிளேட்டை பத்திரமா வச்சிருக்கேன். அந்த வயலட் பிளேட்டு மட்டும் கெட்டுப்போச்சு. அதைப் போட்டுட்டேன்."

"கெட்டுப்போச்சு என்றால் என்ன மாதிரி இருந்தது? சொல்லுங்கோ."

"காஞ்சி, சுருக்கம் சுருக்கமா, பூ மாதிரி ஆயிடுச்சு. பூஞ்சை புடிச்சிருக்கும் போல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். காய்ந்து, சுருங்கி, பூ மாதிரி! அந்த ஒரு கோலத்தைப் பார்க்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். எந்த ஆய்வகத்திலும் கெட்டுப்போன தட்டும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். சுத்தக்காரியான ஸ்டெல்லா அதை முதலில் தூக்கிப்போடாமல் வேறு என்ன செய்வார்? அவர் பத்திரப்படுத்திய இரண்டிலும் வாயில் இருக்கிற சாதாரணக் கிருமிகள் மண்டிக் கிடக்கும். அதில் நம்முடைய கிருமியைப் பிரித்தெடுக்க இன்னொரு வாரம் ஆகும். அந்தோணியிடம் இன்னொரு வாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். ஆட்டோகிளேவில் என்றார். ஆய்வகத்தின் பிரஷர் குக்கர் அது. உள்ளே போன கிருமி எதுவும் உயிரோடு வெளியே வராது. அந்த ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை மதியத்துக்குள் ஆய்வகம் துடைத்துவிட்டதுபோல் காலியாக வேண்டும். மறுநாள் ஓய்வுநாள், அழுக்கோடு அதற்குள் நுழையக்கூடாது என்று ஸ்தாபித்தவர்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம். மின்சாரம் இல்லாததால் ஸ்டெல்லா ஒரு யோசனை செய்திருக்கிறார். கழிவை உள்ளே வைத்து, மூடியை முறுக்கி, சுவிட்சைப் போட்டுவிட்டு, ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு காட்டுப்பாக்கத்துக் கோவிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார். மின்சாரம் வந்ததும் அது தானாக ஓடும். ஜெனரேட்டர் வார்டுகளுக்கும் ஆபரேஷன் அறைக்கும் மட்டும்தான். பூட்டின் ஒரே சாவி அவர் கைப்பையில்.

"ஸ்டெல்லா, அதுதான் அந்தக் கிருமி. பாட்டை விட்டுப்போட்டு ஓடி வாங்கோ. கரன்ட் வர முந்தி நிப்பாட்ட வேணும்."

ஆர்மோனியச் சத்தத்தின் நடுவே அழைப்பு அறுந்தது.

நான் பாஸ்கரைக் கூப்பிட்டேன். நல்லவேளை, வீட்டில்தான் இருந்தார். எப்படித்தான் அந்தச் சந்துகளில் வந்தாரோ, நான் நிலையத்தை விட்டு வெளியே வரும்போது நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். குழாய்க்கார அந்தோணியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு, "கெட்டியா புடிச்சிக்கோ யக்கா" என்றார். அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் ஓட்டமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆவடிக் கடைத்தெருவில் என் உயிர் போய்விட்டது. ஒரு ஜூஸ் கடையில் மிக்சி சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் வந்துவிட்டது! நான் அலறியதைக் கேட்டு பாஸ்கர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது வேற லைன். ஆஸ்பத்திரி லைனு இன்னும் வந்திருக்காது. வந்திருந்தா என் மச்சான் போன் அடிச்சிருப்பான், அவனுக்கு அங்க வெல்டிங் கடை கீது" என்றார். அதற்குமுன் எத்தனையோ பேருக்காகக் கடவுளை வேண்டியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரின் வெல்டிங் கடைக்கு மின்சாரம் வரக்கூடாதென்று வேண்டியது அதுவே முதல் தடவை.

ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் திரும்பும்போது பாஸ்கரின் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தெருவிளக்கு ஒன்று பட்டப்பகலில் எரியத் தொடங்கியிருந்தது.

நான் ஓடினேன். இந்த வயதில், சேலையோடு, கையில் பட்டாபிராம் மண்ணோடு ஓடினேன். ஆய்வகக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஸ்டெல்லா, பாட்டுக்குழுவின் நீலச் சேலையில், தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், ஆட்டோகிளேவின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"லைட்டு எரிஞ்சிச்சு அக்கா. நான் உள்ள வரவும் எரிஞ்சிச்சு. புடுங்கிட்டேன்."

பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கோடைகாலக் குழாய்த் தண்ணீரின் சூடுகூட இல்லை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஹெல்மெட் என் நெற்றியில் நன்றாகவே இடித்தது.

மீட்பு வேலையை ஸ்டெல்லாவே செய்தார். முகமூடி, கையுறை, பாதுகாப்புக் கூண்டு எல்லாம் முறைப்படி. மஞ்சள் பைக்குள்ளிருந்து கத்தரிப்பூத் தட்டு வெளியே வந்தது. பையின் புழுக்கம் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. மண்ணில் வெயிலும் மழையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. கண்ணாடி மூடிக்கு உள்ளே, செந்நீலத்தில், வரிவரியாகச் சுருங்கி, அவ்வளவு வடிவாக இருந்தது. ஸ்டெல்லா தட்டை உயர்த்திப் பார்த்தார். பழக்கதோஷத்தில் மூக்கு லேசாக முன்னே போனது. உடனே என்னைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெபராஜை வரவழைத்தோம். அவர் கண் முன்னாலேயே அந்தக் கிருமியில் துளியெடுத்து, "இது பாலா?" என்று சுங்க அதிகாரி கேட்ட மருந்தில் ஒரு சொட்டோடு ஒரு கண்ணாடித் துண்டில் கலந்து, அதை மெல்ல ஆட்டினேன். வெள்ளையாக இருந்தது முதலில் மணல் மணலாகி, பிறகு பால் திரைவதுபோல் திரைந்தது. அடுப்பில் பால் திரைந்தால் வீட்டில் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அன்று துள்ளிக் குதிக்காத குறை.

ஜெபராஜ் நெடுநேரம் குனிந்து பார்த்தார். "இருக்கு மேடம். எங்க பக்கமும் இருக்கு" என்றார். பிறகு, தான் காசநோய் மருந்து கொடுத்து இழந்தவர்களில் எத்தனை பேருக்கு இது இருந்ததோ என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கு அவரிடம் வென்றுவிட்ட திமிர் அந்த ஒரு கணம் அடங்கியது. உடனே வார்டுக்குப் போனார். அந்தப் பிற்பகலே அந்தோணியின் கையில் சரியான மருந்து ஏறத் தொடங்கியது. திமிரும் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. அன்று மாலை பூந்தமல்லியில் ஒரு பிரியாணிக் கடையில் பாஸ்கருக்கும் எனக்குமாக நான் வாங்கிய பிரியாணியின் அளவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா என்னைக் கோவிலுக்கு அழைத்துப்போனார். பயிற்சியைப் பாதியில் விட்டு ஓடியவர் இரண்டாம் பாட்டில் சுருதி தவறினார். பாட்டு வாத்தியார் முறைத்தார். ஸ்டெல்லா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முந்தின மாலையே ஆய்வகத்துக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்: சுருங்கின தட்டைத் தூக்கிப்போடாதே.

நான் புறப்படும்போது அந்தோணிக்குக் காய்ச்சல் விடவில்லை. இந்தக் கிருமி போகும்போதும் மெதுவாகத்தான் போகும். அதை லூர்துவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொதி வைத்தேன். ருசிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் லூர்துவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது லூர்து இல்லை.

"இன்னா டாக்டரம்மா, நல்லா கீறீங்களா? அந்தோணி பேசறேன். இந்த ஆஸ்பத்திரில போடற சாம்பாரு கீதே, அத நீங்க ஒருக்கா வந்து டெஸ்ட் பண்ணுங்க. அதுல பருப்பு எங்க கீதுன்னு உங்க மிஷின்லகூட தெரியாது. உப்பு இல்ல, புளி இல்ல. இட்லிய செவுத்துல அடிச்சா திரும்பி வருது. நர்சம்மா கைல சொன்னா..."

பின்னால் லூர்து, போதும் வாய மூடுய்யா என்று திட்டுவது கேட்டது. அவர் கேட்கவில்லை. சாம்பாரை முடித்துவிட்டுக் கஞ்சிக்கு வந்தார், கஞ்சியிலிருந்து பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டைக்குப் போனார். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் ஒருதடவைகூட இருமவில்லை.